எந்திரக் கையின் தேய்மானம்

மாணவியரே, கிணற்றில் நீர் இறைக்கும் கயிறு எங்கே முதலில் நைந்து போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தொங்கிக் கிடக்கும் இடத்தில் அன்று. கப்பியின் மேல் மடங்கி மடங்கிச் செல்லும் இடத்தில்தான் புரி பிரியும். இக்காலத்தின் மிக விலையுயர்ந்த அறுவைச் சிகிச்சைக் கருவிக்கும் இதே நோய் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ?

ரோபோ அறுவைச் சிகிச்சை என்றவுடன் இயந்திரம் தானாகவே வயிற்றைக் கீறுகிறது என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். நோயாளியின் மேல் நிற்கும் எந்திரக் கைகள் அவ்வசைவைச் சிறிதாக்கி, நடுக்கம் நீக்கிப் பின்பற்றுகின்றன. அவர் காட்சியிலிருந்து தலையை எடுத்தால் கைகள் அப்படியே நின்றுவிடும். இவ்வகையில் பெயர் பெற்ற டா வின்சி எந்திரத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000-இல் அனுமதி அளித்தது. நம் மாநிலத்தில் சென்னை ஓமந்தூரார் வளாகத்திலுள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-இல் ரோபோ அறுவைச் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் நம் அரியலூருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. இன்று வகுப்பில் இருக்கும் உங்களுள் யாரேனும் அங்கே பயின்று, பின்னர் இக்கருவியைக் கையாளவும் கூடும்.

இனிக் கருவிக்கு வருவோம். எந்திரக் கையின் நுனியில் பொருத்தும் கத்தரியும் இடுக்கியும் பென்சிலைவிடச் சற்றே பருமனான குழாயின் முனையில் உள்ளன. அம்முனைக்கு மணிக்கட்டுப் போன்ற ஒரு மூட்டு உண்டு. மோட்டார்கள் இருப்பதோ குழாயின் மறுமுனையில், உடலுக்கு வெளியே. இடையே நுண்ணிய டங்ஸ்டன் கம்பி இழைகளாலான வடங்கள், சில மில்லிமீட்டர் அளவே உள்ள கப்பிகளைச் சுற்றி ஓடி அம்மூட்டை இழுக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் இழைகள் தேய்கின்றன. சிகிச்சை முடிந்தபின் சோப்புக் கரைசல், தூரிகை, கொதிநீராவி என்று கருவி மறுபடியும் வதைபடுகிறது. வடம் தளர்ந்தால் மருத்துவரின் விரல் அசைந்த பிறகே கத்தரி அசையும். அறுந்தால் நுனி செயலிழக்கும். மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கத்தரிகளுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகி, மின்சாரம் கசிந்து பக்கத்திலுள்ள திசுவைச் சுடக்கூடும் என்று 2013-இல் தயாரிப்பாளரே மருத்துவமனைகளை எச்சரித்தார்.

இது வெறும் அச்சமன்று. 2000 முதல் 2013 வரை அமெரிக்காவில் பதிவான 10,624 முறையீடுகளை ஓர் ஆய்வுக் குழு படித்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. அவற்றுள் 144 மரணங்கள், 1,391 காயங்கள். எரிந்த அல்லது உடைந்த துண்டுகள் நோயாளியின் உடலுக்குள் விழுந்ததாகச் சொன்னவை 14.7 சதவீதம். ஆனால் ஒன்றையும் மறக்கலாகாது: 2007 முதல் 2013 வரை மட்டுமே அந்நாட்டில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் இம்முறையில் நடந்தன. ஆகவே முறையே தீது என்று சொல்வதற்கில்லை. துண்டு விழுந்த வீட்டாருக்கோ சதவீதம் ஆறுதல் தராது.

பாதுகாப்புக்கு என்ன வழி? தயாரிப்பாளர் கண்ட வழி எண்ணிக்கை. கருவிக்குள் ஒரு சிறு நினைவுச் சில்லு இருக்கிறது. பெரும்பாலான கருவிகளைப் 10 முறை பயன்படுத்தியதும் எந்திரம் அவற்றை ஏற்க மறுத்துவிடும். 2020-இல் சில கருவிகளுக்கு இதை 12 முதல் 18 முறை வரை உயர்த்தினர். எளிய வழிதான், எனக்கு இது முழு மனநிறைவு தரவில்லை. மெல்லிய கொழுப்பைப் பிரித்த கத்தரிக்கும், பழைய தழும்பு இறுகிய திசுவோடு மூன்று மணி நேரம் போராடிய கத்தரிக்கும் கணக்கில் ஒன்று ஒன்றுதான். எண்ணிக்கை குறைந்தால் செலவு ஏறி ஏழைக்கு எட்டாது, கூடினால் ஆபத்து.

நம் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தின் வயது ஏட்டில் இருந்திருக்கும். அன்றிரவு வெள்ளம் மண்ணை அரித்ததை ஏடு அறியாது.

ஆதலால் பொறியாளர்கள் இப்போது தேய்மானத்தையே அளக்க முயல்கின்றனர். பெரிய ஆலைகளில் இயந்திரத்தின் அதிர்வைக் கொண்டு அதன் உள்நலம் அறிவதுபோல, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் கருவியின் அசைவையும் ஒப்பிடலாம். முன்பு எவ்வளவு இழுத்தால் மூட்டு எவ்வளவு திரும்பியது, இப்போது எவ்வளவு என்று பார்த்தால் வடத்தின் தளர்ச்சி வெளிப்படும். 2024-இல் அனுமதி பெற்ற டா வின்சி 5 எந்திரத்தின் சில கருவிகள், நுனியில் படும் விசையையும் உணர்கின்றன.

அதுவரை கண்ணும் கையுமே காவல். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலின்படி, நோயாளி அரங்கைவிட்டுச் செல்லுமுன் கருவி, பஞ்சு, ஊசி எல்லாவற்றையும் செவிலியர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். துண்டு ஒன்று குறைந்தால் தேட வேண்டும். கிடைக்காவிடில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கருவி சுத்திகரிப்பு அறையிலோ, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மூட்டை இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்க்கும் சகோதரி, வடத்தில் ஓர் இழை மயிர்போல் நிமிர்ந்திருக்கக் கண்டால், கணக்கில் இன்னும் நான்கு முறை மீதி இருந்தாலும் அக்கருவியை ஒதுக்கி வைத்துவிடுகிறார்.