தாடை எலும்பு கரைவது ஏன்?

தீக்குச்சிக்கும் மனிதத் தாடைக்கும் என்ன சம்பந்தம் என்று தோழியர் வியக்கலாம். தீப்பெட்டியால் சோறுண்ட மாவட்டம் நம்முடையது. ஆதலால் இக்கதையை நாம் அறிந்திருப்பது நல்லது.

1830களில் ஐரோப்பாவில் செய்யப்பட்ட தீக்குச்சிகளின் முனையில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. எங்கு உரசினாலும் பற்றிக்கொள்ளும். அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளருக்கு முதலில் பல்வலி வரும். ஈறு வீங்கிச் சீழ் வடியும். பின்னர்த் தாடை எலும்பே உயிரற்றுப் போகும். 1845இல் வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் இந்நோயை விவரித்து எழுதினார். இறந்த எலும்பை வெட்டி எடுப்பதே அன்றைய சிகிச்சை. எடுத்த இடத்தில் வைப்பதற்கு ஒன்றுமில்லை. 1888இல் லண்டனில் ஒரு தீப்பெட்டி ஆலையின் பெண்களும் சிறுமியருமாகச் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். குறைந்த கூலி, அபராதம் ஆகியவற்றோடு இந்தத் தாடை நோயும் அப்போது பேசப்பட்டது. அவர்களுக்காகப் பத்திரிகையில் எழுதியவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த அதே அம்மையார்தான்!

1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றது 1922இல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923இல். அதாவது, நம் ஊர்த் தொழில் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே அந்த நஞ்சு விலக்கப்பட்டுவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் நாம் உரசுவது சிவப்புப் பாஸ்பரஸ். அது தாடையை அரிப்பதில்லை. வெடி விபத்துகளையும் தீக்காயங்களையும் நம் பகுதி போதும் போதுமெனக் கண்டிருக்கிறது. இந்த ஒரு நோயிலிருந்து மட்டும் ஒரு சட்டம் நம் பாட்டிமாரைக் காத்துவிட்டது.

ஆயினும் தாடையை இழப்போர் இன்றும் உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தால் வரும் வாய்ப்புற்று நம் நாட்டில் மிகுதி. எங்கள் அம்மாச்சி இளவயதில் தீப்பெட்டி ஒட்டியவர். கை ஓயாத வேலையில் பசி தெரியாதிருக்கப் புகையிலையை அடக்கிக்கொள்வாராம். கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டை வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, நன்றாகப் பொருந்தியிருந்த பல் செட் ஆடத் தொடங்கியது. “வச்ச எலும்பு எங்கடி போச்சு?” என்று அவர் என்னிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியதே இக்கட்டுரை.

எலும்பு கல் அன்று, உயிருள்ள பொருள். அதில் ஒருவகை உயிரணு பழையதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். ஓரிடத்திலிருந்து பெயர்த்து வைத்த எலும்பு, முருங்கைப் போத்தை வெட்டி நட்டது போன்றது. இரத்த ஓட்டம் அற்றுப்போவதால் அதன் அணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். சுற்றியுள்ள தசையிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல உள்ளே நுழைந்து, பழைய எலும்பைச் சாரமாகக் கொண்டு புது எலும்பு கட்டப்பட வேண்டும். கரைப்பு முந்திக்கொண்டு கட்டுமானம் பிந்தினால் வைத்த துண்டு சிறுத்துவிடும். தொடக்கத்தில் இது வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடத்தில் மண்ணே வறண்டது போல. போத்து தழைப்பது கடினம்.

நாற்றைத் தாய்மண்ணோடு பெயர்த்து நடுவதுபோல் ஒரு முறையும் உண்டு. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உடலின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது டிபியா. மெல்லியதாகிய பிபுலாவில் ஒரு பகுதியை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்திலுள்ள குழாய்களுடன் நுண்ணோக்கியின் உதவியால் தைக்கிறார்கள். 1989இல் அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ தாடைக்கு இம்முறையைக் கையாண்டதை வெளியிட்டார். இவ்வகை எலும்பு குறைவாகவே கரைகிறது. (தைத்த குழாய் அடைபட்டால் மட்டும் பாடெல்லாம் வீண்.)

இன்னொரு காரணம் வேலையின்மை. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கேற்ப அமையும் என்று 1892இல் ஜெர்மானிய மருத்துவர் வுல்ஃப் எழுதினார். விண்வெளி வீரர்கள் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் எலும்பை இழப்பது பாரமின்மையால்தான். அவ்வளவு தூரம் போவானேன்? பொக்கை வாய்ப் பாட்டியரின் மூக்கும் மோவாயும் நெருங்கி வருவதைப் பாருங்கள். பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு ‘இனி எனக்கென்ன வேலை?’ என்று தேய்ந்துவிடுகிறது. ஒட்டிய பக்கத்தால் மெல்லாமல் மறுபக்கத்தாலேயே மெல்லுவோருக்கும் இதே கதி நேரலாம். எலும்பினுள் டைட்டானியம் திருகு பதித்து அதன்மேல் பல் பொருத்தினால் மெல்லும் விசை நேரே எலும்பை அடைகிறது. 1965இல் சுவீடனின் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார். செலவு அதிகம் என்பதே இதன் குறை.

வியப்பான செய்தி ஒன்று. எலும்புத் தேய்வுக்கும், எலும்பில் பரவிய புற்றுக்கும் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்தால் சிலருக்குத் தாடை எலும்பு மடிவதை 2003இல் மருத்துவர்கள் கண்டறிந்தனர். லோரின்சர் கண்ட நோயின் அதே முகம்! இம்மருந்திலும் பாஸ்பரஸ் உண்டு. ஆதலால் அதை உட்கொள்வோர் பல் பிடுங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அம்மாச்சிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். துண்டு முழுவதும் போய்விடவில்லை, உயரம் குறைந்திருக்கிறது. பல் செட்டின் அடியைத் திருத்தித் தந்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். புகையிலைப் பொட்டலம் இப்போது வீட்டில் இல்லை.