வேர் இல்லாத கட்டளை

அன்புள்ள மருமகளுக்கு,

டேட்டாபேஸ் வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்க, "அதுல தினமும் என்னதான் மாமா செய்வாங்க?" என்று கேட்டிருந்தாய். பாதி நாள் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளமே.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள். கடமலைக்குண்டு என்பது வாயால் எண்ணினால் 8 எழுத்து. யூனிகோடில் புள்ளி தனி, ஐகாரம் தனி, உகரம் தனி என்று 13 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட், ஆக 39. எவரோ ஒரு புண்ணியவான் ஊர்ப் பெயருக்கு 30 பைட் போதும் என்று கட்டம் போட்டிருந்தால், நம் ஊர் உள்ளே நுழையாது. ஆரக்கிளில் எழுத்துப் பத்திக்கு வெறும் எண் கொடுத்தால் வழக்கமாக அது பைட் கணக்கு; போஸ்ட்கிரெஸில் அதே எண் குறிக் கணக்கு.

தேடுவதிலும் வம்பு உண்டு. கோம்பை என்ற ஊர்ப் பெயரின் 'கோ'வை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக ஒட்டியும் எழுதலாம். இதை யூனிகோட் சீராக்கம் ஒன்றாக்கிவிடும். ஆனால் 'கௌசல்யா' என்பதற்கு ஒருவர் ளகரம் போட்டு 'கெளசல்யா' என்று அடித்திருந்தால் எந்தச் சீராக்கமும் உதவாது, நீதான் கண்டுபிடிக்க வேண்டும். போதாததற்கு, தேனி மாவட்டம் பிரிந்ததே 1996-இல்தான். அதற்கு முந்தைய தாள்களில் நாம் மதுரை மாவட்டத்துக்காரர்கள். அதனால் பெயரை நம்பி இரண்டு அட்டவணைகளை இணைக்காதே, ஊருக்கு ஒரு எண் கொடுத்து அதை வைத்து இணை.

இனி என் வெட்கக்கேடு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்த அப்டேட் கட்டளை எழுதினேன். அவசரத்தில் மேல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டிவிட்டேன். யாருக்கு என்று சொல்லும் 'வேர்' (WHERE) வரி கீழேயே நின்றுவிட்டது. 40,000 பேர் ஒரே நொடியில் ஒரே தெருவுக்குக் குடிவந்துவிட்டார்கள். வேரை விட்டால் மரம் சாயும் என்று அன்றைக்கு மேலாளர் சொன்ன சிலேடையை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. இப்போதெல்லாம் அதே 'வேர்' வரியோடு முதலில் செலக்ட் ஓட்டி எத்தனை வரிசை வருகிறது என்று பார்ப்பேன். பிறகு பிகின், அப்டேட். எண்ணிக்கை ஒத்துப்போனால் கமிட், இல்லையென்றால் ரோல்பேக்.

எந்த சர்வரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் தரவு அடைவை அழித்தார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் எடுக்க வேண்டிய நிரல், போஸ்ட்கிரெஸ் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தது. வேறு காரியத்துக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. மறைக்காமல் எல்லாவற்றையும் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். எனக்கு அதில்தான் அதிக மரியாதை.

தோட்டத்துக் கிணற்று மோட்டாரை உன் தாத்தா மழைக்காலத்திலும் வாரம் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? மூல வைகை ஆற்றில் தண்ணீர் போகும்போது எதற்கு இந்த வேலை என்று நீதான் கேட்பாய். பேக்கப்பும் அந்த மோட்டார் மாதிரிதான். 'வெற்றி' என்று பச்சையில் வரும் செய்தியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை அனுமதி வாங்கி, முந்தைய நாள் பேக்கப்பை ஒரு காலி சர்வரில் ஏற்றிப் பார். எத்தனை நிமிஷம் ஆனது, எங்கே முட்டியது என்று எழுது.

உன் மாமா,
கடமலைக்குண்டு