வீட்டு டிசைன் சாஃப்ட்வேர் இருந்தால் ஆர்க்கிடெக்ட் வேண்டாமா?

“பிளான் போட ஒரு சாஃப்ட்வேர் போதும், இன்ஜினியருக்கு எதற்குப் பணம்?” சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் இப்படிச் சொன்னவன் நான்தான். பொள்ளாச்சியில் அப்பா வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் இடத்தில் வீடு கட்டுவது என்று முடிவானது. கோவையில் மகன் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும்போது வெளியே ஏன் போக வேண்டும் என்று அப்பாவும் நினைத்தார். அந்த அனுபவத்தில் நான் கற்றதை இங்கே பார்ப்போம்.

நான் பயன்படுத்தியது ஸ்வீட் ஹோம் 3டி. 2006-ல் வெளியான இலவச, ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

வரைவது எப்படி?

1. முதலில் பிரிஃபரன்சஸ் பகுதிக்குச் சென்று அளவை அடி, அங்குலத்துக்கு மாற்றுங்கள். சுவரின் தடிமனை 9 அங்குலம், உயரத்தை 10 அடி என்று கொடுங்கள். இதை மறந்தால் அறைகளின் அளவு எல்லாமே தவறாகிவிடும்.

2. மவுஸால் கிளிக் செய்து சுவர்களை வரையுங்கள். மேல் பகுதியில் நீங்கள் பிளான் வரைய வரைய, கீழே 3டி-யில் வீடு எழும்பும்.

3. கதவு, ஜன்னல், கட்டில், படிக்கட்டு ஆகியவற்றை இடது பக்கப் பட்டியலிலிருந்து இழுத்து வையுங்கள்.

4. காம்பஸைத் திருப்பி, வடக்கு எது என்று சரியாகக் காட்டுங்கள். அதிலேயே ஊரின் அட்சரேகையையும் கொடுக்கலாம். பொள்ளாச்சிக்கு ஏறத்தாழ 10.7 டிகிரி வடக்கு. பிறகு ஃபோட்டோ எடுக்கும் விண்டோவில் தரத்தை உயர்த்தி, தேதியும் நேரமும் கொடுத்தால் வெயில் எங்கே விழும் என்று தெரியும். ஜூன் மாத நண்பகலில் நம் ஊரில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதை நான் இதில்தான் முதன்முதலில் பார்த்தேன். வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்று விட்டிருந்தேன், உடனே சேர்த்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியோடு சேர்த்து முழு வீடும் தயார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு, தெரிந்த சிவில் இன்ஜினியர் ஒருவரிடம் சும்மா காட்டி வரப் போனேன்.

அவர் கேட்ட நான்கு கேள்விகள்

“படம் ரொம்ப நல்லா இருக்குதுங்க தம்பி. ஆனா இந்தப் படியில அம்மா எப்படி ஏறுவாங்க?” என்றார். இடம் போதாததால் நேர்ப் படிக்கட்டை மவுஸால் அழுத்தி 8 அடிக்குள் அடக்கியிருந்தேன். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம், படிக்கு 6 அங்குல ஏற்றம் என்றால் 20 ஏற்றங்கள் வரும். இடையே 19 மிதிகள். கால் வைக்க 10 அங்குலம் வேண்டுமென்றால் நீளம் 15 அடி 10 அங்குலம். என் படத்தில் ஒரு மிதிக்குக் கிடைத்தது 5 அங்குலம்! அம்மாவுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. நடுவில் திரும்பும் படிக்கட்டாக மாற்றினால் பத்தரை அடியில் முடியும் என்று அவர் காட்டினார்.

அடுத்து, “மேல இருக்கற சுவத்த எது தாங்குதுங்க?” ஹால் பெரிதாகத் தெரிய கீழே ஒரு சுவரை அழித்திருந்தேன். அதற்கு நேர் மேலேதான் மாடி படுக்கையறைச் சுவர். சாஃப்ட்வேர் எந்த எரர் மெசேஜும் தரவில்லை. அங்கே பீமும் தூணும் கணக்கிட்டுப் போட வேண்டும். 1900 பிப்ரவரி 8 அன்று நிலநடுக்கத்தைப் பார்த்த பகுதி நம் கோவைப் பகுதி என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, மண். கோவை மாவட்டத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். குழி தோண்டிப் பார்க்காமல் அஸ்திவாரத்தை முடிவு செய்ய முடியாது.

நான்காவது, காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து சாரலை அடிக்கும். மேற்கில் நான் வைத்த பெரிய ஜன்னலைப் பார்த்து அவர் சிரித்தார். வெயிலைக் காட்டிய சாஃப்ட்வேரில் காற்றும் மழையும் இல்லை.

அப்படியானால் யாருக்கு ஆபத்து?

1982-ல் ஆட்டோகேட் வந்த பிறகு டிராயிங் போர்டுகள்தான் மெல்ல மறைந்தன, ஆர்க்கிடெக்டுகள் மறையவில்லை. ஸ்கெட்ச்அப் 2000-ல் வந்தது. 2006-ல் கூகுள் அதை வாங்கி இலவசப் பதிப்பும் தந்தது. 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்துக்கு விற்றது. அப்போதும் அதை விரும்பிக் கற்றவர்களில் ஆர்க்கிடெக்டுகளே ஏராளம்.

சட்டமும் அவர்களுக்குப் பெரிய வேலி போடவில்லை. 1972-ம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அந்தப் பெயரைத்தான் காக்கிறது, மற்றவர்கள் அந்தத் தொழிலைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே அவர்களைக் காப்பது அவர்களுடைய கணக்கும் அனுபவமும்தான். கோடு போட்டுக் கொடுப்பதற்கு மட்டும் பணம் வாங்குபவர்களுக்குத்தான் இந்தப் புரோகிராம்களால் ஆபத்து.

தமிழகத்தில் 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, உரிமையாளரே சுயசான்று அளித்து ஆன்லைனில் அனுமதி பெறும் திட்டம் தொடங்கியது. அனுமதி சுலபம், ஆனால் பிழை இருந்தால் அதற்குப் பொறுப்பும் நாமே.

என் உழைப்பு வீணா?

இல்லை. பிளான் பேப்பரைப் பார்த்து “எனக்கு ஒண்ணும் புரியலை கண்ணு” என்ற அம்மா, 3டி-யில் வீட்டுக்குள் நடந்து பார்த்தவுடன், “துணி துவைக்கற கல்லு எங்கே?” என்று கேட்டார். நானும் அப்பாவும் மறந்தே போயிருந்தோம். கட்டிய பிறகு கேட்டிருந்தால் சுவரை இடித்திருக்க வேண்டும். இன்ஜினியரும் என் பிளானையே அடிப்படையாக வைத்துத் திருத்திக் கொடுத்தார். எங்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது.

நீங்களும் தாராளமாக வரைந்து பாருங்கள். வீட்டிலுள்ள எல்லோரையும் உட்கார வைத்துக் காட்டுங்கள். ஆனால் கடைக்கால் எடுப்பதற்கு முன், அந்த ஃபைலோடு தகுதியுள்ள ஒருவரிடம் போய் இந்த நான்கு கேள்விகளையும் நீங்களே கேளுங்கள். நான் மிச்சப்படுத்த நினைத்த பணத்தை அவருக்கே கொடுத்தோம். அம்மா இப்போது தினமும் மாடி ஏறிப் போய் வடகம் காயப் போடுகிறார்.