வாவிக்கரை வீட்டுக்கு என்ன தரை? நம்பிக்கைகளும் உண்மைகளும்

2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, கொக்கட்டிச்சோலைக்கு வர அந்தத் துறையில் பாதைக்காகக் காத்து நிற்கும் வேலை இல்லை. வாவியை அண்டிய காணியில், லீவுக்கு வந்து தங்க ஒரு வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மாபிள் நல்லது என்றுதான்.

“நல்ல மாபிள் பதித்தால் ஈரம் ஏறாது” என்பார்கள். மாபிளுக்குள் ஏறாதுதான். போர்சலின் வகை தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனால் ஈரம் வருவது கீழேயிருந்து. மாரியில் நிலத்தடி நீர் உயர்கிறது, வாவித் தண்ணீரோ உவர். அந்த உப்பு கொங்கிறீட்டின் நுண்துளைகளால் ஏறி, கோடையில் தண்ணீர் ஆவியானதும் பளிங்காகிப் பருக்கிறது. மாபிள் இடுக்கில் வெள்ளை பூக்கிறது, சுவரடியில் பூச்சு உதிர்கிறது.

சீமெந்தைக் கூட்டிப் போட்டால் இது நிற்காது. கொங்கிறீட்டுக்கு அடியில் 1000 கேஜ் கறுப்புப் பொலித்தீன் விரிக்கவேண்டும். அது சுவரின் ஈரத்தடுப்புப் படையோடு போய்ச் சேரவேண்டும், கம்பி கட்டும்போது கிழிந்தால் அப்போதே ஒட்டவேண்டும். மொத்தச் செலவில் கண்ணுக்குத் தெரியாத தொகை. அதனால்தான் மறந்துபோகிறார்கள் போலும். பிறகு நினைத்தால் தரையைக் கிண்டவேண்டும்.

பழைய வீடு என்றால், ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைச் சீமெந்துத் தரையில் நாலு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால், மாபிள் வாங்கும் காசை முதலில் ஈரத்துக்குச் செலவழியுங்கள்.

“லீவு வீட்டுக்குப் பலகைத் தரைதான் அழகு.” அழகுதான், ஆள் குடியிருந்தால். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் லெமினேட் ஊதும். அதன் உள்ளே இருப்பது இறுக்கிய மரநார் அட்டை. விறாந்தைக்குப் பளபளக்கும் மாபிளும் வேண்டாம். மழைச்சாரல் பட்டால் வழுக்கும், சொரசொரப்பானதே போதும்.

“வெள்ளத்துக்குத் தாங்கும் தரை” என்று கேட்பவர்களும் உண்டு. தரையின் வகையைவிட உயரம் முக்கியம். 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை ஏறியது என்று அயலாரைக் கேட்டு, அதற்கு மேலே தரைமட்டத்தை வையுங்கள். அப்படியும் தண்ணீர் புகுந்தால், ஒழுங்காகப் பதித்த போர்சலினைக் கழுவிவிடலாம். ஒட்டாமல் கோத்துப் போடும் பிளாஸ்டிக் பலகை நனைந்து கெடாது என்றாலும், முழுவதையும் கழற்றி, அடியிலுள்ள சேற்றை வழித்துக் காயவிட்டுத்தான் மறுபடி கோக்கவேண்டும்.