வகுப்பில் வீடியோ: எதைக் காட்டுவது, எங்கே நிறுத்துவது?

பிறப்பு முதல் முதுமை வரையிலான மனித வளர்ச்சியைப் பாடமாக நடத்துபவர்களும், வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு வளர்ச்சி உளவியல் பேராசிரியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பி.எட். மாணவிகளுக்கு ‘குழந்தைப் பருவமும் வளர்ச்சியும்’ தாள் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு ஒவ்வொரு அலகுக்கும் யூடியூபில் தேடி அரை மணி நேர வீடியோ ஒன்றைப் போட்டுவிடுகிறேன். சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். தேர்வில் மட்டும் பழையபடி கைடு வரிகளையே எழுதுகிறார்கள். நான் போடும் வீடியோ சரியில்லையா?
(கல்வியியல் கல்லூரி ஆசிரியை, நாமக்கல்)

பதில்: வீடியோவும் சரியில்லை, நீளமும் அதிகம். நீளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்எக்ஸ் இணையப் படிப்புகளில் மாணவர்கள் வீடியோ பார்த்த பதிவுகளை 2014-ல் ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பெரும்பாலோர் அதோடு இருந்த நேரம் ஆறு நிமிடத்துக்குள்தான். அவர்கள் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்கள், சலித்தால் மூடிவிடலாம். உங்கள் வகுப்பில் மூட முடியாது. அதனால் கண் திரையில் இருக்கும், மனம் கேன்டீனில் இருக்கும்.

இனி எதைப் போடுவது என்பது. ‘பியாஜே ஐந்தே நிமிடத்தில்’ என்கிற மாதிரி கார்ட்டூன் விளக்கங்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. அவை பின்னணி இசை சேர்த்த கைடுகள். அதைப் பார்த்தவர்கள் கைடு வரியை எழுதினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வளர்ச்சிப் பாடத்துக்கு வீடியோ வேண்டியிருப்பதற்குக் காரணம் வேறு. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிவர முடியாது. வந்தாலும் நீங்கள் கேட்ட நேரத்தில் அது எதையும் செய்து காட்டாது. செய்தாலும், கடைசி பெஞ்சில் இருப்பவருக்காக இன்னொரு தடவை செய்யாது. ஆகவே நிஜக் குழந்தை நிஜமாக ஏதோ செய்துகொண்டிருக்கிற, யாரும் இடையில் புகுந்து விளக்காத துண்டுகளைத் தேடுங்கள்.

எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் செய்த ‘அசையா முகம்’ சோதனையின் வீடியோ இதற்குப் பொருத்தமானது. சில நிமிடம்தான். ஒரு வயதை ஒட்டிய குழந்தை நாற்காலியில் இருக்கிறது. அம்மா கொஞ்சுகிறார், குழந்தை எதையோ சுட்டுகிறது, அம்மாவும் அந்தப் பக்கம் பார்க்கிறார். பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மீண்டும் குழந்தையைப் பார்க்கும்போது எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கிறார். குழந்தை உடனே கண்டுபிடித்துவிடுகிறது. சிரித்துப் பார்க்கிறது, சுட்டிப் பார்க்கிறது, இரண்டு கையையும் நீட்டுகிறது, கீச்சென்று கத்துகிறது. ஒன்றும் நடக்காததால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடம்பு தளர்கிறது, அழுகிறது.

முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் போடுங்கள். இது எந்தச் சோதனை, யார் செய்தது என்று சொல்லாதீர்கள். பார்த்ததை ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் ‘குழந்தை சோகமானது’, ‘ஏமாற்றமடைந்தது’ என்று எழுதியிருப்பார்கள். சோகத்தை எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள். கையிலா, கண்ணிலா, உட்கார்ந்த விதத்திலா? இந்தக் கேள்வியோடு இரண்டாம் தடவை பார்க்கும்போது வகுப்பு வேறு மாதிரி ஆகிவிடும். சிரிப்பு வேலை செய்யவில்லை என்றதும் கையை நீட்டியது, அதுவும் பலிக்காதபோதுதான் கத்தியது என்று வரிசையை அவர்களே சொல்வார்கள். ட்ரானிக்கின் பெயரும் கோட்பாடும் அதன் பிறகு வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. பல ஆசிரியர்கள் குழந்தை அழும் இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு உரையைத் தொடங்குகிறார்கள். நாடகத்துக்கு அது நல்ல இடம், பாடத்துக்கு அல்ல. கடைசிப் பகுதியில் அம்மா திரும்பவும் சிரிக்கிறார், பேசுகிறார். குழந்தை மெல்ல மெல்லச் சரியாகிறது. உறவில் சின்னச் சின்ன அறுபடல்கள் வந்துகொண்டேதான் இருக்கும், அவை ஒட்டிக்கொள்வதே முக்கியம் என்பது ட்ரானிக்கின் வாதம். அந்தப் பகுதியை வெட்டினால், அடுப்படி வேலையில் குழந்தையைத் திரும்பிப் பார்க்காத அம்மாக்கள் எல்லாம் குற்றவாளிகள் என்ற எண்ணத்தோடு மாணவிகள் வெளியே போவார்கள்.

கேள்வி: நர்சிங் மாணவிகளுக்கு, மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தையின் மனநிலையைப் புரியவைக்க நல்ல வீடியோ உண்டா? கிடைப்பதெல்லாம் பொம்மை கொடுத்துச் சிரிக்கவைக்கும் விளம்பரப் படங்களாக இருக்கின்றன.
(நர்சிங் டியூட்டர், மதுரை)

பதில்: இதற்கு எழுபது வருடத்துக்கும் மேல் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. ‘இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறாள்’ என்பது தலைப்பு. 1952-ல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்தது. அவர் சினிமாக்காரர் அல்ல. போர்க்காலத்தில் அன்னா ஃப்ராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் பாய்லர் பார்க்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே குழந்தைகளைக் கவனிக்கக் கற்றவர். பிறகு டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பௌல்பியோடு பணியாற்றினார். பெற்றோரைப் பார்க்க விடாத வார்டுகளில் குழந்தைகள் நொறுங்குகிறார்கள் என்று அவர் சொன்னபோது டாக்டர்கள் நம்பவில்லை. சரி, படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று கையில் கேமராவோடு போனார்.

படத்தில் வரும் லாராவுக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. தொப்புள் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் இருக்கிறாள். அழுகிற காட்சிகளைப் பொறுக்கியெடுத்துவிட்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, முன்கூட்டியே முடிவு செய்த நேரங்களில் மட்டும் ராபர்ட்சன் படம் பிடித்தார். லாராவையும் அவர் தேடிப் பிடிக்கவில்லை; காத்திருப்போர் பட்டியலிலிருந்து அமைந்தவள். அவள் அதிகம் அழாத பிள்ளையாக இருந்ததுதான் படத்தின் பலம். தன் கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு, அடக்கமான குரலில், பேச்சோடு பேச்சாக அம்மா எங்கே என்று கேட்கிறாள். ஒரு நர்ஸ் வந்து விளையாட்டுக் காட்டும்போதுதான் அடக்கி வைத்திருந்தது முகத்தில் வந்துவிடுகிறது. கடைசி நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது, அம்மா நீட்டிய கையைப் பிடிக்க மாட்டேன் என்கிறாள்.

அந்த ஆண்டு ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் திரையிட்டபோது மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள். தொழிலை அவமதிக்கிறார் என்றார்கள். ஆனால் படம் ஊர் ஊராகப் போனது. 1959-ல் பிரிட்டிஷ் அரசின் பிளாட் குழு, குழந்தைகள் வார்டில் பெற்றோர் வந்துபோகக் கட்டுப்பாடு கூடாது என்று பரிந்துரைத்ததற்குப் பின்னால் ராபர்ட்சனும் அவர் மனைவியும் இடைவிடாமல் செய்த வேலையும் உண்டு.

முழுப்படத்தைப் போடாதீர்கள். முதல் நாள், நடுவில் ஒரு நாள், கடைசி நாள் என்று மூன்று துண்டுகள் போதும். ‘இந்தக் குழந்தை வார்டுக்குப் பழகிவிட்டதா?’ என்று ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் கேட்டு, கை தூக்கச் சொல்லுங்கள். தொந்தரவு கொடுக்காத பிள்ளையை ‘செட்டில் ஆகிவிட்டது’ என்று கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறதே, அது அப்போது ஆட்டம் காணும். நம் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் அம்மா கட்டிலோரத்திலேயே இருப்பது வழக்கம்; அந்த விஷயத்தில் 1952-ன் லண்டனைவிட நாம் தேவலை. ஆனால் ஐசியு வாசலில்? அந்த விவாதத்தை மாணவிகளிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று மாதம். இன்னும் தனியாக நடக்கவில்லை. ஒரு வயதில் நடக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை.
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள், அம்மா. இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகளில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். வீடியோக்காரர் அந்த அகலத்தை விட்டுவிட்டு ஒரே ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறார். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டால் எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது. போகும்போது வீட்டில் அவள் எழுந்து நிற்பதை, சுவரைப் பிடித்து நகர்வதை, வெறுங்காலோடு முழு உடம்பும் தெரியும்படி போனில் எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் பிள்ளைகள் இடுப்பை விட்டு இறங்க மாட்டார்கள்.

இந்தப் பாடத்தை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வளர்ச்சிப் படிகளைக் காட்ட ஒரே குழந்தையின் வீடியோ போதாது. ஒரே வயதுள்ள நாலு குழந்தைகளை அடுத்தடுத்துக் காட்டுங்கள். தோமா பல்மே 2010-ல் எடுத்த ‘பேபீஸ்’ ஆவணப்படம் நமீபியா, மங்கோலியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் நாலு குழந்தைகளின் முதல் ஆண்டைப் பின்னணிக் குரலே இல்லாமல் காட்டுகிறது. விளக்கம் இல்லாததாலேயே அது வகுப்புக்கு நல்லது.

கேள்வி: பேரனுக்குப் பத்து மாதம். கல்வி வீடியோ போட்டால் சீக்கிரம் பேச்சு வரும் என்கிறாள் மருமகள். உண்மையா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

பதில்: வராது, ஐயா. பாட்ரிசியா குல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழிக்காரர்கள் நேரில் அமர்ந்து புத்தகம் காட்டிப் பேசினார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் குழந்தைகளின் காது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியத் தொடங்கியது. அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் காட்டியபோது பலன் பூஜ்யம். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த வழிகாட்டுதல். வளர்ச்சி வீடியோக்கள் பெரியவர்கள் பார்க்க வேண்டியவை. பேரனோடு பேச நீங்கள் இருக்கிறீர்கள். மருமகளிடம் இதைக் குற்றமாகச் சொல்லிவிடாதீர்கள். சமையல் நேரத்தில் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: விடலைப் பருவம் வரை வீடியோ கிடைக்கிறது. அதற்கு மேல் வறட்சி. நடுவயதையும் முதுமையையும் எப்படிக் காட்டுவது?
(மனையியல் துறை விரிவுரையாளர், திருச்சி)

பதில்: உண்மைதான். குழந்தைகளைப் படமெடுக்க ஆளிருக்கிறது, ஐம்பது வயதுக்காரரைப் படமெடுக்க யாருக்கு ஆசை? ஆனாலும் ஈடு இணையில்லாத தொடர் ஒன்று உண்டு. 1964-ல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி ஏழு வயதுள்ள பதினான்கு பேரைப் பேட்டி கண்டு ‘செவன் அப்’ என்று ஒளிபரப்பியது. அதில் உதவியாளராக இருந்த மைக்கேல் ஆப்டெட், ஏழாண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப்போய்ப் படமெடுத்தார். 2019-ல் அவர்களுடைய 63 வயது வரை வந்தது. 2021-ல் ஆப்டெட் காலமானார். ஒரே முகம் ஏழு, இருபத்தொன்று, நாற்பத்திரண்டு, அறுபத்துமூன்று என்று மாறுவதை ஐந்து நிமிடத்தில் பார்த்தால் உளவியலாளர் எரிக்சன் வகுத்த வாழ்வின் எட்டு நிலைகள் வெறும் அட்டவணையாகத் தெரியாது. குறைகளையும் சொல்லிக் காட்டுங்கள்: பதினான்கு பேரில் பெண்கள் நாலே பேர். 1964-ல் அது யாருக்கும் உறுத்தவில்லை. எரிக்சனே ஹார்வர்டில் முதுமையைப் பற்றிப் பாடம் எடுக்க இயக்குநர் பெர்க்மனின் ‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ படத்தைத்தான் போட்டார். ஆவணப்படம் கிடைக்காத இடத்தில் நல்ல கதைப்படம் பாவமில்லை.

முதுமை பற்றிய வீடியோக்களில் ஒரு பொறி இருக்கிறது. எழுபது வயதுக்காரர் ஏடிஎம் முன்னால் திணறுகிறார், பக்கத்தில் பேத்தி பட்பட்டென்று முடிக்கிறாள் என்று காட்டினால் ‘வயதானால் அறிவு மங்கும்’ என்று மாணவிகள் எழுதுவார்கள். பெரியவர் இருபது வயதில் ஏடிஎம்மைப் பார்த்ததே இல்லை. அங்கே தெரிவது வயதின் வித்தியாசமா, தலைமுறையின் வித்தியாசமா? 1956-ல் வார்னர் ஷாய் தொடங்கிய சியாட்டில் நெடுங்கால ஆய்வு இந்தக் குழப்பத்தைத்தான் பிரித்துப் பார்த்தது. அதுவும் ஏழாண்டுக்கு ஒருமுறை. ஒரே ஆளைத் தொடர்ந்து அளந்தபோது, வேகம் சீக்கிரமே குறையத் தொடங்கினாலும் சொல்வளம் போன்றவை அறுபதுகள் வரை பெரிதாக இறங்கவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டாலே ஒரு பீரியட் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊர்க் குழந்தைகளையே மாணவர்கள் போனில் எடுத்து, கல்லூரி யூடியூப் சேனலில் போடலாமா? எங்களிடம் ப்ரொஜெக்டரும் சரியில்லை.
(கல்லூரி முதல்வர், கள்ளக்குறிச்சி)

பதில்: எடுக்கலாம், சேனலில் போடக் கூடாது. 1920-ல் ஜான் வாட்சன், பயத்தைப் பழக்கிவிட முடியும் என்று காட்ட ‘ஆல்பர்ட்’ என்ற கைக்குழந்தையை வெள்ளெலியைக் கண்டு மிரளச் செய்தார். பயத்தைப் போக்காமலே அனுப்பிவிட்டார்கள். அந்தப் படம் நூறாண்டு கழித்தும் ஓடுகிறது. அந்தக் குழந்தை யார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஏற்றும் வீடியோவும் அப்படித்தான், திரும்ப வராது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று அதில் இருக்கட்டும். குழந்தை சிணுங்கினால் போனைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று மாணவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ப்ரொஜெக்டர் இல்லாவிட்டால் பியாஜேவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்க்கும் அவருடைய சோதனைக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரே அளவு டம்ளர் இரண்டு, ஒடுங்கி உயர்ந்த கண்ணாடி கிளாஸ் ஒன்று, தண்ணீர், ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று. இரண்டு டம்ளரிலும் சமமாக ஊற்றி, சமம்தானே என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை கிளாஸில் ஊற்றி மறுபடி கேளுங்கள். இரண்டு தடவையும் கேள்வி ஒரே வார்த்தைகளில் இருக்க வேண்டும். பதில் எதுவானாலும் ‘ஏன்?’ கேட்க வேண்டும். ‘நன்றாகப் பார்த்துச் சொல்லு’ என்று யாரும் நடுவில் உதவக் கூடாது. முடிந்த பிறகு மாணவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். 1970-களில் மெக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் இதே மாதிரிச் சோதனையைப் பொருள்களை வரிசையாக வைத்துச் செய்தார்கள். பெரியவர் வரிசையை மாற்றியபோது தவறாகச் சொன்ன குழந்தைகளில் பலர், குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிட்டதாகக் காட்டியபோது சரியாகச் சொல்லிவிட்டார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், ‘முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது’ என்று பிள்ளை நினைப்பது இயல்புதானே? பாதி மாணவர்களை டம்ளரோடும் பாதிப் பேரைக் கரடி பொம்மையோடும் அனுப்பி, இரண்டு குழுவின் பதில்களையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.