மழைநீரில் நின்ற கார்: சாவியைத் தொடாதீர்கள்

2022 செப்டம்பர் மழையில் பெங்களூரின் பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அப்படி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது; கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். தண்ணீர் வடிந்ததும் போட்டோ எடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வண்டியைக் கட்டி இழுக்காமல் ஏற்றிச் செல்லும் லாரியில் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசியிலும் நீரோடு ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். ‘எஞ்சின் புரொடெக்ட்’ கூடுதல் காப்பு இதற்காகவே இருக்கிறது. நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏரிக்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் இந்தச் செலவுக்குத் தயங்கவே வேண்டாம்.