களைப்பறியாத இரும்புக் கை

'ரோபாட்' என்றதும் மனித உருவில் நடந்து வரும் இரும்புப் பொம்மை ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தொழிற்சாலைகளில் உழைக்கும் ரோபாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. ஓரிடத்தில் பொருத்தப்பட்ட ஒற்றைக் கைகளே அவை.

அமெரிக்கரான ஜார்ஜ் டெவோல் இத்தகைய கைக்கு 1954-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பின்னர் ஜோசப் எங்கல்பெர்கர் என்ற பொறியாளருடன் இணைந்து 'யூனிமேட்' ரோபாட்டை உருவாக்கினார். 1961-இல் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அது பணியில் அமர்ந்தது. அச்சில் வார்த்த சூடான உலோகப் பாகங்களை வெளியே எடுப்பது அதன் வேலை. மனிதருக்கு ஆபத்தான வேலை அது.

இக்கை வேலையைக் கற்பது எப்படி? முதலில் இயக்குநர் அதைப் படிப்படியாக நகர்த்திக் காட்டுகிறார். ஒவ்வொரு நிலையிலும் மூட்டுகளின் கோணங்கள் எண்களாகப் பதிவாகின்றன. பிறகு கை தானே இயங்கும்போது, மூட்டிலுள்ள உணர்கருவி அப்போதைய கோணத்தை அளக்கிறது. பதிவான எண்ணுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பூச்சியமாகும் வரை மூட்டு திரும்புகிறது. இதுவே 'பின்னூட்டம்'. எண்களை மாற்றினால் வேலையும் மாறும். ஒரே வேலைக்கென்று அமைந்த சாதாரண இயந்திரத்துக்கு இந்த வசதி இல்லை.

இனி, இதன் சமூக விளைவைக் காண்போம். ஒஹையோ மாநிலத்தில் லார்ட்ஸ்டவுன் என்னுமிடத்திலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்க்கூடுகளை வெல்டிங் செய்ய யூனிமேட்டுகள் அமர்த்தப்பட்டன. மணிக்கு 60 கார்கள் என்பது அந்நாளில் வழக்கமான வேகம். இங்கோ மணிக்கு 100 கார்கள் என்று திட்டமிட்டனர்.

மாணவர்களே, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கார்கள் என்றால் ஒரு காருக்கு 60 விநாடி கிடைக்கும்; 100 கார்கள் என்றால் 36 விநாடிதான். வெல்டிங் செய்யும் கைக்குக் களைப்பில்லை. ஆனால் அதே வரிசையில் திருகு முடுக்கும் மனிதருக்கு 24 விநாடி குறைந்துவிட்டது. நிருவாகம் ஆட்களையும் குறைத்தது. 1972 மார்ச்சில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

இரும்புக் கை ஒரு மனிதரை ஆபத்திலிருந்து மீட்கலாம். மற்றொருவரை மூச்சு வாங்கவும் வைக்கலாம். எது நிகழும் என்பதை அந்தக் கை தீர்மானிப்பதில்லை. வரிசையின் வேகத்தைக் குறிக்கும் எண்ணை எழுதுபவர் மனிதரே. இன்று உலகத் தொழிற்சாலைகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான ரோபாட்டுகள் இயங்குகின்றன. மூட்டின் கோணத்தை அளக்க உணர்கருவி வைத்த நாம், அருகில் நிற்கும் மனிதரின் களைப்பை அளக்கவும் வழி செய்ய வேண்டாமா?